டென்னிஸ் பால் பௌலர் லெதர் பாலுக்கு மாறும்போது: ரன்-அப்ல இருந்து இடுப்பு வலி வரைக்கும்

ஊர்ல டென்னிஸ் பால்ல செம வேகம்னு பேர் வாங்கின பசங்க லெதர் பால் டீம்ல சேந்ததும் வழக்கமா ரெண்டு விஷயம் நடக்கும். மொத மேட்ச்ல ஒயிடும் ஃபுல் டாஸுமா போகும், அப்புறம் கொஞ்ச நாள்ல தோள் வலி இல்லன்னா முதுகு வலி வந்து நிக்கும். காரணம் பெருசா ஒண்ணும் இல்ல, டென்னிஸ் பால் 60 கிராம் கூட இருக்காது, லெதர் பால் 156ல இருந்து 163 கிராம். அந்த லேசான பந்தை கையை மட்டும் சுழட்டி விசிறிடலாம், இதை அப்படி விசிறினா பந்தும் போகாது தோளும் மிஞ்சாது. இந்த பதிவு முழுக்க நான் சொல்லப்போறது ஒரே விஷயம்தான்: வேகம் தோள்ல இல்ல, முன்கால்ல இருக்கு.

மாற முடியுமானு சந்தேகமே வேணாம். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பால்லதான் வளந்தவரு, அந்த யார்க்கர் (பேட்ஸ்மேன் காலடியில விழற பந்து) அங்க இருந்து வந்ததுதான். ஆனா அவரும் நேரா போயிடல, ரஞ்சிக்கு வந்த புதுசுல ஆக்‌ஷன் சந்தேகமா இருக்குனு ரிப்போர்ட் ஆகி, உக்காந்து ஆக்‌ஷனை மாத்தி, 2016 டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்), 2017 ஐபிஎல்னு போய், 2020-21 ஆஸ்திரேலியா டூர்ல மூணு ஃபார்மட்லயும் அறிமுகமானாரு. நடுவுல அந்த ஆக்‌ஷனை மாத்தின காலம் இருக்கு பாருங்க, அதைத்தான் யாரும் ரீல்ஸ் போடுறதில்ல.

கீழ சொல்றது எல்லாம் வலது கை வேகப்பந்து ஆளுக்கு. இடது கைக்காரங்க திருப்பி படிச்சுக்கோங்க.

ஸ்டெப் 1: பந்தை பிடிக்கறது

ஸீமை (பந்து நடுவுல ஓடுற தையல்) நேரா நிக்க வச்சு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஸீமுக்கு ரெண்டு பக்கமும், கட்டைவிரல் அடியில ஸீம் மேல. உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவுல ஒரு விரல் போற அளவு இடைவெளி இருக்கணும், டென்னிஸ் பால் பழக்கத்துல எல்லாரும் பந்தை உள்ளங்கைக்குள்ள அமுக்கி பிடிப்பாங்க, அப்படி பிடிச்சா மணிக்கட்டு லாக் ஆகிடும். டிவி பாக்கும்போது கையில ஒரு பழைய பந்தை வச்சு மேல தட்டி பிடிச்சுட்டே இருங்க, ஸீம் ஆடாம நேரா சுத்துதானு பாருங்க. இதுக்கு கிரவுண்டே வேணாம்.

கார்க் பால்ல கத்துக்கலாமானு கேப்பாங்க. விலை கம்மிதான், ஆனா ஸீம் பழக்கம் அதுல வராது. டீம்ல மேட்ச் முடிஞ்சு தூக்கி போடுற பழைய லெதர் பாலை கேட்டு வாங்கிக்கோங்க, யாரும் இல்லைனு சொல்ல மாட்டாங்க.

ஸ்டெப் 2: கடைசியில இருந்து கத்துக்கோங்க

புதுசா வர்றவங்க நேரா பவுண்டரி கிட்ட போய் நின்னு ஓடி வருவாங்க. தலைகீழா பண்ணணும். மொதல்ல ஓட்டமே இல்லாம, பின்கால் முன்கால் அகட்டி பக்கவாட்டுல நின்னு, இடது கையை பேட்ஸ்மேன் பக்கம் உயர்த்தி, அந்த கையை இடுப்பு பக்கமா இழுத்துட்டே வலது கையை மேல கொண்டு வந்து போடுங்க. பாதி பிட்ச் தூரத்துக்கு போட்டா போதும். இதுல கவனிக்க வேண்டியது இடது கைதான். அது சும்மா தொங்கினா தலை இடது பக்கம் சாயும், தலை சாஞ்சா பந்து லெக் சைடு ஒயிடு.

இது செட் ஆனதும் நடந்து வந்து போடுங்க, அப்புறம் அஞ்சு ஸ்டெப் ஓடி வந்து, கடைசியாதான் முழு ரன்-அப். அவசரப்பட்டு அடுத்த கட்டத்துக்கு தாவாதீங்க, நடந்து வந்து போடறப்பவே பந்து தாறுமாறா போகுதுன்னா ஓடி வந்தா மட்டும் சரியாகிடுமா என்ன.

ஸ்டெப் 3: முன்கால் (இதை ரெண்டு தடவை படிங்க)

சைக்கிள்ல வேகமா போறப்ப முன் பிரேக்கை டக்குனு பிடிச்சா என்ன ஆகும்? சக்கரம் நிக்கும், மேல இருக்கற ஆள் முன்னாடி பறப்பான். பௌலிங்ல முன்கால் அந்த பிரேக், பறக்கப்போறது பந்து. ஓடி வந்த வேகம் முழுசும் முன்கால் தரையில ஊனுற நொடியில நிக்கணும், முட்டி மடங்காம முடிஞ்சவரைக்கும் நேரா இருந்தா அந்த வேகம் இடுப்பு, தோள், கை, பந்துனு மேல ஏறும். முட்டி மடங்கி உக்காந்துட்டா மொத்தமும் அங்கேயே செத்துடும், அப்புறம் அதை ஈடுகட்ட தோளை போட்டு முறுக்குவோம். பும்ராவோட ரன்-அப் எவ்ளோ சின்னதுனு எல்லாருக்கும் தெரியும், ஆனா அவரு பந்து விடுற நேரத்து முன்காலை ஸ்லோ மோஷன்ல நிறுத்தி பாருங்க, கம்பி மாதிரி நிக்கும். காப்பி அடிக்கணும்னா அதை அடிங்க, அவரு கை சுத்துற விதத்தை அடிக்காதீங்க.

ஒரு எச்சரிக்கை. அந்த ஊனுற நொடியில உங்க எடையில அஞ்சு மடங்குக்கு மேல தரையில இருந்து காலுக்கு திரும்ப வரும். அதனால காலுக்கு பலம் வராம முட்டியை வேணும்னே நிமித்தி அடிக்காதீங்க, ஸ்டெப் 7ஐயும் சேத்துதான் பண்ணணும். சிமெண்ட் மேல மேட் விரிச்ச பிட்ச்ல ஸ்பைக்ஸ் போடக்கூடாது, அடிப்பகுதி நல்லா மெத்துனு இருக்கற ரப்பர் ஸ்டட் ஷூ போடுங்க. செருப்பு கழட்டி வச்சுட்டு வெறுங்கால்ல போடுற வீரம் எல்லாம் டென்னிஸ் பாலோட முடிஞ்சுது.

அப்புறம் பின்கால். பின்கால் பாதம் கிரீஸுக்கு இணையா விழுந்தா இடுப்பும் தோளும் பக்கவாட்டுல இருக்கணும். பாதம் பேட்ஸ்மேனை பாத்து விழுந்தா நெஞ்சும் அவனை பாத்து இருக்கணும். ரெண்டுமே சரிதான், எது இயல்பா வருதோ அதை வச்சுக்கோங்க. ஆனா கால் ஒரு பக்கம் தோள் ஒரு பக்கம்னு கலந்து வந்தா அதுக்கு மிக்ஸ்டு ஆக்‌ஷன்னு பேரு, நடுவுல மாட்டிக்கிட்டு முறுக்குப்படுறது உங்க கீழ் முதுகு. முதுகெலும்புல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வர்றதுக்கு முக்கியமான காரணங்கள்ல இது ஒண்ணு. 1973ல ஆஸ்திரேலியா வேகப்பந்து வீரர் டென்னிஸ் லில்லிக்கு முதுகு உடைஞ்சு, ஆக்‌ஷனை மாத்தி, உடம்பை மறுபடி கட்டிதான் திரும்ப வந்தாரு. அதே லில்லிதான் 1987ல சென்னையில ஆரம்பிச்ச எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன்ங்கற வேகப்பந்து பயிற்சி மையத்துக்கு வந்து நம்ம பசங்களுக்கு சொல்லிக் கொடுத்தாரு.

ஸ்டெப் 4: ரன்-அப் அளக்கறது

பௌலிங் கிரீஸ் (ஸ்டம்பு நட்டிருக்கற கோடு) பக்கத்துல ஸ்டம்புக்கு முதுகை காட்டி நின்னு, பவுண்டரி பக்கமா உங்க இஷ்டத்துக்கு ஓடி, எங்க தோணுதோ அங்க பந்து போடுற மாதிரி குதிச்சு போடுங்க. முன்கால் விழுந்த இடத்தை ஃப்ரெண்டு சுண்ணாம்பால குறிக்கட்டும். அஞ்சாறு தடவை பண்ணா குறி எல்லாம் ஒரே இடத்துல கூடும், அதுதான் உங்க தூரம். அதை அடி வச்சு அளந்து மனப்பாடம் பண்ணிக்கோங்க. பத்துல இருந்து பதினஞ்சு ஸ்டெப் ஆரம்பத்துக்கு தாராளம். முப்பது ஸ்டெப் ஓடி வந்து மூச்சு வாங்கிட்டு மீடியம் பேஸ் போடுற ஆளுங்களை எல்லா டீம்லயும் பாக்கலாம், பேட்ஸ்மேன் பயப்படுறதுக்கு பதிலா ஓவர் எப்ப முடியும்னு வாட்ச் பாப்பான்.

கடைசி மூணு ஸ்டெப்தான் வேகமா இருக்கணும், ஆரம்பம் மெதுவா. மேல குதிக்காதீங்க, முன்னாடி குதிங்க.

நோ பால் பத்தி ஒண்ணு. பாப்பிங் கிரீஸ்னா ஸ்டம்புக்கு முன்னாடி இருக்கற கோட்டோட பின் விளிம்பு. குதிகால் கோட்டு மேல இருக்கேனு வாதாடுவாங்க, ஆனா குதிகால்ல கொஞ்சமாவது கோட்டுக்கு பின்னாடி இருக்கணும், காத்துல இருந்தாலும் பரவாயில்ல. நெட்ஸ்லயே கோடு போட்டு பழகுங்க. போட்டு முடிச்சதும் நேரா பிட்ச் நடுவுல ஓடாதீங்க, கிரீஸ்ல இருந்து 5 அடிக்கு அப்புறம் நடுப்பகுதி பாதுகாப்பு ஏரியா, அம்பயர் வார்னிங் கொடுத்துடுவாரு.

ஸ்டெப் 5: மாங்கா அடிக்கறோமானு (பந்தை போடாம எறியறோமானு) பாருங்க

டென்னிஸ் பால்ல முழங்கை மடக்கி எறிஞ்சாலும் யாரும் கண்டுக்க மாட்டாங்க. இங்க கை தோள் உயரத்துக்கு வந்ததுல இருந்து பந்து விடுற வரைக்கும் முழங்கை 15 டிகிரிக்கு மேல நிமிரக்கூடாது. டிகிரி எல்லாம் நம்மால அளக்க முடியாது, ஃபோனை பக்கவாட்டுல ஒண்ணு, பின்னாடி ஒண்ணுனு வச்சு ஸ்லோ மோஷன்ல எடுங்க, கண்ணுக்கே தெரியும். முக்கியமா யார்க்கரும் பவுன்சரும் போடுறப்ப எடுங்க, நல்ல ஆக்‌ஷன் இருக்கறவனும் எக்ஸ்ட்ரா வேகத்துக்கு ஆசைப்படுறப்பதான் எறிவான்.

ஸ்டெப் 6: லைன், லெங்த்

ஸ்டம்ப்ல இருந்து ஒரு 6 மீட்டர் தள்ளி, ஆஃப் ஸ்டம்புக்கு நேரா ஒரு கர்ச்சீப் போட்டு அதையே குறி வைங்க. பந்து ஆஃப் ஸ்டம்ப் தலையை தட்டணும், ஆஸ்திரேலியாவோட மெக்ராத் பாதி ஆயுள் அதைத்தான் பண்ணாரு. டென்னிஸ் பால்ல யார்க்கர் இல்ல ஷார்ட் ரெண்டே லெங்த்தான், நடுவுல போட்டா சிக்ஸ். லெதர் பால்ல அந்த நடு இடம்தான் விக்கெட். மனசு ஒத்துக்க கொஞ்ச நாள் ஆகும்.

அவுட் ஸ்விங்குக்கு ஸீமை ஸ்லிப் பக்கம் சாய்ச்சு, பளபளப்பு பக்கம் லெக் சைடு பாத்து. மத்ததெல்லாம் அப்புறம். பந்தை வேர்வையில தேய்ங்க, எச்சில் தொடாதீங்க, ஐசிசி 2022லயே நிரந்தரமா தடை பண்ணிட்டாங்க.

ஸ்டெப் 7: ஃபிட்னஸ்

ஜிம் காசு இல்லனு சொல்ற ஆளுங்களுக்கும் இது ஆகும். பஸ்கி, அப்புறம் ஒத்தக்கால் பஸ்கி (சுவத்தை பிடிச்சுட்டு ஆரம்பிங்க), மாடிப்படி விளிம்புல நின்னு குதிகாலை ஏத்தி இறக்கறது, பக்கவாட்டு பிளாங்க், மல்லாக்க படுத்து இடுப்பை தூக்கற பிரிட்ஜ், தண்டால். வாரத்துல மூணு நாள் இதை மட்டும் ஒழுங்கா பண்ணுங்க. பைசெப்ஸ் ஏத்துறது போட்டோவுக்கு ஆகும், பந்துக்கு ஆகாது.

ஓட்டம்னா அஞ்சு கிலோமீட்டர் ஜாகிங் மட்டும் போதாது. பௌலர் வேலை குட்டி குட்டி வேக ஓட்டம், நடந்து திரும்பி மறுபடி ஓட்டம். 20 மீட்டர் வேகமா ஓடி நடந்து திரும்பி வாங்க, ஆறு தடவை ஒரு ஓவர்னு கணக்கு, நாலு "ஓவர்" பண்ணுங்க. வெயில் காலத்துல காலையில ஏழு மணிக்குள்ள முடிச்சுடுங்க, உப்பு போட்ட மோர் பாட்டில்ல கொண்டு போங்க, வெறும் தண்ணியா குடிச்சுட்டே இருந்தா கெண்டைக்கால் பிடிச்சுக்கும்.

ஸ்டெப் 8: எண்ணிக்கை

நம்ம ஆளுங்க பாதி பேருக்கு அடி படுறது இங்கதான். திங்கள்ல இருந்து சனி வரைக்கும் ஆபீஸ் சேர்ல உக்காந்துட்டு, ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மேட்ச் மத்தியானம் ஒரு மேட்ச், ரெண்டுலயும் முழு கோட்டா. உடம்பு பழகின அளவு ஒண்ணு, திடீர்னு கேக்குற அளவு ஒண்ணுனா எங்கயாவது கிழியும். வாரத்துல நடுவுல ரெண்டு நாள், 24 பந்து போதும், போட்டு வைங்க. நெட்ஸ், வார்ம்-அப், மேட்ச் எல்லாத்தையும் ஃபோன்ல எழுதுங்க, போன வாரத்தை விட இந்த வாரம் கொஞ்சமா மட்டும் ஏத்துங்க. லீவு விட்டு ஒரு மாசம் கழிச்சு வந்தா விட்ட இடத்துல இருந்து இல்ல, பாதியில இருந்து.

வளர்ற பசங்களுக்கு இன்னும் கறாரா இருக்கணும். இங்கிலாந்து போர்டு வழிகாட்டியில 15 வயசுக்குட்பட்ட வேகப்பந்து பையனுக்கு ஒரு ஸ்பெல்ல (தொடர்ந்து ஒரே மூச்சுல போடுறது) 6 ஓவர், ஒரு நாளைக்கு 12 ஓவர்தான். நம்ம ஊர்ல நல்லா போடுற பையன் கிடைச்சா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அவன்தான் போடுவான். கேப்டன்களே, தயவு பண்ணி விடுங்க.

போட்ட மறுநாள் சதை வலிக்கறது சகஜம், ரெண்டு நாள்ல போயிடும். ஆனா கீழ் முதுகுல ஒரே பக்கமா, வலது கை பௌலருக்கு பெரும்பாலும் இடது பக்கம், பின்னாடி வளைஞ்சா குத்துற மாதிரி வலி வந்து ஒரு வாரமாகியும் போகலன்னா அது தைலம் தேய்க்கற கேஸ் இல்ல. அன்னைக்கே பந்தை கீழ வச்சுட்டு ஆர்த்தோ இல்ல ஸ்போர்ட்ஸ் டாக்டரை பாருங்க, நான் வேகப்பந்து போடுறேன்னு மறக்காம சொல்லுங்க, ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாம போகலாம், ஸ்கேன் தேவையானு அவரு சொல்வாரு. பும்ராவே முதுகால 2022 டி20 உலகக் கோப்பையை விட்டு, 2023 மார்ச்ல ஆபரேஷன் பண்ணி, ஆகஸ்ட்லதான் திரும்ப வந்தாரு. அவருக்கு பின்னாடி ஒரு போர்டே இருந்துச்சு, நமக்கு திங்கக்கிழமை ஆபீஸ் இருக்கு, அதனால வலியோட "இந்த ஒரு மேட்ச் மட்டும்"னு யாராவது கூப்பிட்டா பேட்டிங் ஆர்டர்ல கேளுங்க, பௌலிங் கேக்காதீங்க.