மாரியம்மன் கோபுரத்தை 1858 மாதிரி அச்சிட்டுப் பாருங்கள்

மதராஸ் படையில் கேப்டனாக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்தார். பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை மட்டும் 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்தக் காலத்து உப்புத்தாள் அச்சை, அதாவது உப்பில் நனைத்து வெள்ளிக் கரைசல் பூசிய தாளில் வெயிலால் படம் பதிக்கும் முறையை, பினாங்கில் வீட்டிலேயே செய்யலாம். நமக்கு வெயிலுக்கா பஞ்சம்?

முதலில் படம். குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோபுரத்தைக் கைப்பேசியில் எடுங்கள், ஆனால் உச்சிவெயிலில் வேண்டாம், சாய்ந்த வெயில் பட்டால்தான் சிற்பங்கள் புடைத்துத் தெரியும். பலர் கோட்டை விடுவது அடுத்த இடத்தில். வெறும் கறுப்புவெள்ளையாக மாற்றினால் போதாது. அன்றைய வெள்ளித் தாளுக்கு நீல ஒளிதான் தெரியும், சிவப்பு தெரியவே தெரியாது, அதனால்தான் பழைய படங்களில் வானம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. எடிட்டிங் செயலியில் நீல சேனலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோபுரத்தின் சிவப்பும் மஞ்சளும் இருண்டு, நீலச் சிலைகள் வெளுக்கும். தினமும் பார்க்கிற கோபுரம் வேறு முகம் காட்டும், எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த கட்டம் இது. அப்புறம் கான்ட்ராஸ்டை நன்றாக ஏற்றி, நெகட்டிவாக்கி, இடவலம் திருப்பி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அச்சிடுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் அயோடின் இல்லாத உப்பு. நல்ல வாட்டர்கலர் தாளை அதில் நனைத்துக் காயவையுங்கள். 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 12 கிராம் சில்வர் நைட்ரேட்டைக் கரைத்து, மங்கலான மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பிரஷால் பூசுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்: தோலில் பட்டால் கறுக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நம் ஊர் ஈரக்காற்றில் தாள் காய்ந்தது போலத்தான் இருக்கும், இருட்டில் மின்விசிறியடியில் இன்னும் கொஞ்சம் விடுங்கள், ஈரம் இருந்தால் நெகட்டிவ் பாழ்.

மை உள்ள பக்கம் தாளைத் தொடும்படி நெகட்டிவை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, கிளிப் போட்டு வெயிலில் வையுங்கள். மணி பார்க்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள். வேண்டியதைவிட நன்றாகவே இருளட்டும். பிறகு பால் போன்ற கலங்கல் நிற்கும்வரை தண்ணீரில் அலசி, 10 சதவீத ஹைப்போவில் (படத்தை நிலைக்கச் செய்யும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசல்) 5 நிமிடம், மறுபடி ஒரு மணி நேரம் அலசல். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி இருக்கும், சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் சேர்த்து ரசாயனக் கழிவாகக் கொடுங்கள். ஹைப்போவில் படம் வெளுத்துச் செம்மஞ்சளாகும்போது பயப்படாதீர்கள், கொடியில் காய்ந்ததும் பழுப்பேறி இருண்டுவிடும்.