விளாத்திப் பிசின் விரலில் ஒட்டினால் போதாது

உட்கன்னத்தில் ஒட்டும் மாத்திரைக்கு விளாத்தி (விளாமர) பிசினை எடுக்கும்போது, ஈரவிரலில் தொட்டு இழுத்துப் பார்த்து, "நல்லா ஒட்டுது" என்று முடிவெடுப்பதுதான் முதற் பிழை. காகிதம் ஒட்டுவது வேறு, வாயின் உட்கன்னத்தில் மாத்திரை ஒட்டி நிற்பது வேறு. சீதமென்சவ்வில் (வாயின் உட்புறத்தை மூடியிருக்கும் ஈரமான சவ்வில்) பிசின் முதலில் ஈரத்தை உறிஞ்சி ஊத வேண்டும். பிறகு அதன் நீண்ட சங்கிலிகள் சீதத்திலுள்ள மியூசின் என்ற புரதத்தோடு பின்னி, ஐதரசன் பிணைப்பால் பற்ற வேண்டும். நீர் குறைந்தால் சங்கிலி அவிழாது. கூடினால் வழுக்கிக் கழன்றுவிடும்.

வட இலங்கையின் வன்னிப் பகுதியில் பிசின் சேர்க்க ஆனி, ஆடி வெயில்தான் தோது. மாரியில் மழை அதைக் கரைத்துவிடும், மிஞ்சியதில் பங்கசு பிடிக்கும். பட்டையும் மணலும் பொறுக்கிய தூள் 10 கிராமை 100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, மஸ்லின் துணியில் வடியுங்கள். அவசரத்துக்குக் கொதிக்கவைத்தால் சங்கிலிகள் அறுந்து பாகுத்தன்மை இறங்கும். கிணற்று நீரும் வேண்டாம். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் கல்சியம் கூட. அது பிசினின் அமிலக் கூட்டங்களோடு பிணைந்து, ஊதும் அளவையே மாற்றிவிடும்.

வடித்ததை மூன்று மடங்கு எதனோலில் நூலாக ஊற்றிக் கலக்க வேண்டும்; பிசின் அதில் கரையாமல் பிரிந்து படியும். ஒரேயடியாகக் கொட்டினால் கட்டிபட்டு, நிறமும் அழுக்கும் உள்ளேயே சிக்கும். மெத்திலேற்றிய மதுசாரம் மலிவுதான்; ஆனால் அதில் நஞ்சான மெதனோல் உண்டு, உட்கொள்ளும் மருந்துக்கு ஆகாது. படிந்த பிசினை 50 பாகை செல்சியசுக்கு மேற்படாமல் உலர்த்தி, தூளாக்கிச் சல்லடையில் அரியுங்கள்.

முருங்கைப் பிசினுக்கு இதே முறையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது. அது முழுதாகக் கரையாது, கூழாக ஊதும். துணியில் தங்கியது என்று எறிவது பிசினைத்தான்.

மாத்திரை அடிக்கும்போது, தூள் அச்சில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் மக்னீசியம் ஸ்டியரேற்றைக் கூட்டினாலும் நெடுநேரம் கலந்தாலும், அது துகள்மேல் படிந்து நீரைத் தடுக்கும். 1 சதவீதத்துக்குள் வைத்து, கடைசியாகச் சேர்த்துச் சற்றே கலந்தால் போதும்.

சோதனைக்கு ஆட்டுக் கன்னச் சவ்வை அன்றன்றே எடுங்கள். தேய்த்துக் கழுவினால் சீதமே போய்விடும். பிஎச் 6.8 கரைசலில், 37 பாகையில், எல்லா மாத்திரையையும் ஒரே எடையால் ஒரே நேரம் அழுத்திய பிறகே இழுத்துப் பிரிக்க வேண்டும். ஒன்றுக்கு ஒரு நிமிடம், மற்றதற்கு ஐந்து நிமிடம் என்றால் ஒப்பிடவே முடியாது. தூளைச் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். ஐப்பசி மழைக்குப் பின் அது ஈரமிழுத்து, ஆடியில் வந்த அளவீடு திரும்ப வராது.

கண்ணாடித் தகட்டிலும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அங்கும் அதே விசை வந்தால், நீங்கள் அளந்தது வெறும் பசையைத்தான்.