அமீரகத்தில் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வேலையிலிருந்து நீக்கினால் செய்யவேண்டியவை

"இரண்டு வருட ஒப்பந்தத்தில் இன்னும் எட்டு மாதம் பாக்கி. கம்பெனி வரவேண்டாம் என்கிறது. மீதி மாதச் சம்பளம் முழுவதும் கிடைக்குமா?" துபாய், ஷார்ஜாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். கிடைக்காது. 1980ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில் இதற்கென்று மூன்று மாதச் சம்பளம் வரை இழப்பீடு இருந்தது. 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தில் அது இல்லை. நியாயமான காரணமும் எழுத்து மூலமான நோட்டீஸும் இருந்தால் போதும், எந்தத் தரப்பும் ஒப்பந்தத்தை இடையில் முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் சட்டப்படி வரவேண்டிய வேறு தொகைகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்காமலேயே பலர் விமானம் ஏறிவிடுகிறார்கள். அதுதான் மனம் பொறுக்காத விஷயம்.

படி 1: வாய்ச்சொல்லோடு வெளியேறாதீர்கள்

நோட்டீஸை எழுத்தில் கேளுங்கள். அதுவரை வேலைக்குப் போய்க்கொண்டே இருங்கள். தக்க காரணமின்றி ஏழு நாளுக்கு மேல் தொடர்ந்து வராவிட்டால் நோட்டீஸே இல்லாமல் நீக்கக் கம்பெனிக்கு வழி கிடைத்துவிடும். வாசலிலேயே தடுத்தால், "இன்று காலை 7 மணிக்கு வந்தேன், உள்ளே விடவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்" என்று மேலாளருக்கு அன்றே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிவிடுங்கள். ஒழுங்கீனம் என்று குற்றம் சாட்டினால், எழுத்து மூலமான விசாரணை நடந்ததா, காரணத்தோடு ஆணை தந்தார்களா என்று பாருங்கள். இரண்டுமே கட்டாயம்.

படி 2: காகிதங்களைச் சேருங்கள்

மனிதவள அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தம், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம், விடுப்புப் பதிவு. கம்பெனி மின்னஞ்சல் முடக்கப்படும் முன்பே உங்கள் ஆவணங்களைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கணக்குப் போடுங்கள்

பேசிக் சம்பளம் 1,500 திர்ஹாம், படிகளோடு மொத்தம் 2,300, ஒரு வருடம் நான்கு மாதம் வேலை என்று வைத்துக்கொள்வோம். நோட்டீஸ் காலம் ஒப்பந்தத்தில் உள்ளபடி 30 முதல் 90 நாள் வரை இருக்கும். 30 நாள் என்று எழுதியிருந்து, நோட்டீஸ் தராமல் அனுப்பினால் 2,300. பணிக்கொடை, ஒரு வருடம் முடித்தவர்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் பேசிக்: இங்கே 1,400. எடுக்காத விடுப்பு 10 நாள் இருந்தால், பேசிக் கணக்கில் 500. மொத்தம் 4,200 திர்ஹாம். சம்பள பாக்கி தனி. வேறு வேலையில் சேராமல் ஊர் திரும்பினால், நீக்கத்துக்கு உங்கள் தவறு காரணம் இல்லாதவரை, டிக்கெட் செலவும் கம்பெனியுடையதே. இவை அனைத்தும் வேலை முடிந்த 14 நாளுக்குள் கைக்கு வரவேண்டும்.

அமைச்சகத்தில் புகார் கொடுத்ததற்காகவோ வழக்குப் போட்டதற்காகவோ நீக்கினார்கள், அந்தப் புகாரும் உண்மை என்று நிரூபணமானால், நீதிமன்றம் மூன்று மாதச் சம்பளம் வரை இழப்பீடு தரலாம்.

தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கு 14 நாள் நோட்டீஸ், அவ்வளவுதான்.

படி 4: பணம் வரும் முன் கையெழுத்து வேண்டாம்

விசா கேன்சல் காகிதத்தில் "எனக்குரிய எல்லாத் தொகையையும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரி இருக்கும். "கையெழுத்துப் போடுங்கள், பணம் நாளைக்கு வந்துவிடும்" என்பார்கள். போடாதீர்கள். அந்த ஒரு வரி பிறகு உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும்.

படி 5: புகார்

மனிதவள அமைச்சகத்தின் செயலியிலோ 80084 என்ற எண்ணிலோ பதிவு செய்யலாம். முதலில் சமரசப் பேச்சு. உடன்பாடு வராவிட்டால், 50,000 திர்ஹாம் வரையுள்ள கோரிக்கையில் அமைச்சகமே முடிவு சொல்லும். அதற்கு மேல் என்றால் நீதிமன்றம். 1,00,000 திர்ஹாம் வரை தொழிலாளருக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. துபாய் சர்வதேச நிதி மையமும் அபுதாபி குளோபல் மார்க்கெட்டும் தனிச்சட்டம் கொண்டவை. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. வீட்டுப் பணியாளர்களுக்கும் வேறு சட்டம்.

ஏற்கெனவே ஊர் வந்து சேர்ந்துவிட்டவர்களும் கைவிட வேண்டாம். 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை உரிமை கோரலாம். அங்கிருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு முறைப்படி சான்றளித்த அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அவர் உங்கள் சார்பில் நடத்துவார்.