மாந்தோப்புகளுக்கு நடுவே முதல் நெடும்பயணம்: கிருஷ்ணகிரியில் சைக்கிள் ஓட்டத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

கிருஷ்ணகிரியில் கியர் சைக்கிள் வாங்குகிற பலர், வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே அதை 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இறக்கிவிடுகிறார்கள். சாலை அகலமாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் அதுவே பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் கிரானைட் கற்களைச் சுமந்த லாரிகளும் தொலைதூரப் பேருந்துகளும் தோளை உரசுவதுபோல் கடந்து செல்லும் அந்தச் சாலையில், புதிதாக ஓட்டுகிறவரால் கியரைப் பற்றியோ மூச்சைப் பற்றியோ நினைக்கவே முடியாது. இரண்டு வாரத்தில் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே போய்விடும். நல்ல சைக்கிளைத் தேடுவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது நல்ல பாதையைத் தேடுவதற்குச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த விளக்கம் பாதையிலிருந்தே தொடங்குகிறது.

முதற்படி: பாதையைத் தேர்ந்தெடுத்தல்

நம் மாவட்டத்தின் நில அமைப்பை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திலும், ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. எனவே வடமேற்கே போகும் சாலைகள் பொதுவாக ஏறிக்கொண்டே போகும். தெற்கே, தென்பெண்ணை ஆற்றின் ஓட்டத்தோடு போகும் சாலைகள் பெரும்பாலும் சமமாகவோ மெல்ல இறங்கியோ செல்லும். தொடக்கக்காரருக்கு ஆற்றோரமே ஏற்றது.

நான் பரிந்துரைக்கும் முதல் பயணம், கிருஷ்ணகிரி அணையில் தொடங்கி, கிராமச் சாலைகள் வழியாகக் காவேரிப்பட்டணம் சென்று, அங்கிருந்து பெண்ணேஸ்வரமடத்துக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. போக வர 30 கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். நகரத்திலிருந்து அணை வரையுள்ள தொலைவில் ஒரு பகுதி தருமபுரி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியது என்பதால், முதல் முறை சைக்கிளைக் காரிலோ சிறிய சரக்கு வண்டியிலோ அணைவரை கொண்டுபோய்விடுவது நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பயன்பாட்டுக்கு வந்த இந்த அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. மழைக்காலத்தில் நீர்மட்டம் அதை நெருங்கி, மதகுகள் திறக்கப்படும்போது, பூங்காவுக்குச் செல்லும் தரைப்பாலம் மூழ்கிவிடும். அப்படிப்பட்ட நாள்களில், தண்ணீர் கணுக்கால் அளவுதான் என்று தோன்றினாலும் எந்தத் தரைப்பாலத்தையும் சைக்கிளோடு கடக்கக் கூடாது. ஓடும் நீர் மெல்லிய சக்கரத்தை மிக எளிதாகப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஆற்றோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடப்பட்டிருக்கிறதா என்று முந்தைய நாள் செய்தியில் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

இரண்டாம் படி: பருவத்தை அறிதல்

தை, மாசி மாதங்களே என் விருப்பம். அப்போது மாமரங்கள் பூத்திருக்கும். காலைக் காற்றில் அந்த இலேசான புளிப்பு கலந்த இனிய மணம் நிறைந்திருக்கும். வெயிலும் ஒன்பது மணி வரை தொல்லை தராது. பூக்காலத்தில் தோப்புகளில் மருந்து தெளிப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். தெளிப்பான் ஓடும் சத்தம் கேட்டால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, சற்றுத் தள்ளி நின்று, பணி முடிந்த பிறகு கடந்து செல்லுங்கள்.

மே முதல் ஜூலை வரை அறுவடைக் காலம். செந்தூரா, அல்போன்சா, மல்கோவா, நீலம் என்று பழங்கள் வரும். மாங்கூழ் ஆலைகளுக்குப் பெரிதும் போவது, கிளிமூக்கு போல நுனி வளைந்த பெங்களூரா. கண்ணுக்கு இதைவிட நிறைவான காலம் கிடையாது. ஆனால் சாலைக்கு இது கடினமான காலம். மண்டிக்கும் ஆலைக்கும் போகும் டிராக்டர்களிலிருந்து உருண்டு விழுந்த காய்கள் நசுங்கிக் கிடக்கும் இடத்தில் சக்கரம் வழுக்கும், அதுவும் வளைவில் என்றால் விழுவது உறுதி. அப்படிப்பட்ட இடத்தில் பிரேக்கைப் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல், வேகத்தை முன்பே குறைத்துக்கொண்டு நேராகக் கடந்துவிடுங்கள். விழுந்து கிடக்கிறதே என்று தோப்பு வேலிக்குள் கை நீட்டாதீர்கள். கேட்டால் பெரும்பாலும் அன்போடு தருவார்கள். கேட்காமல் எடுப்பது அடுத்து வரும் சைக்கிள்காரருக்கும் சேர்த்து வழியை அடைத்துவிடும்.

மார்கழியில் வேறொரு சிக்கல் உண்டு. அறுத்த கேழ்வரகையும் கொள்ளையும் வண்டிகள் ஏறி மிதித்துத் தாள் பிரியட்டும் என்று சாலையிலேயே பரப்பி வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அந்தத் தாள்கள் செயினிலும் பின்கியர் பகுதியிலும் சுற்றிக்கொண்டால் கியர் தாங்கி வளைந்துபோகும். இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவதே சரி. அது ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பும்கூட.

மூன்றாம் படி: சைக்கிளை உடலுக்குப் பொருத்துதல்

சுவரில் சாய்ந்தபடி சீட்டில் அமர்ந்து, ஒரு பெடலை முழுவதும் கீழே கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் இழுபடாமல் நேராக நிற்க வேண்டும். அதன் பிறகு, ஓட்டும்போது வைப்பதுபோல் பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்கால் சிறிதே மடங்கும். அதுதான் சரியான உயரம். ஓட்டிய பின் முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறது என்றும், பின்புறம் இழுத்தால் உயரமாக இருக்கிறது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். ஒரே முறையில் அரை சென்டிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள்.

சாதாரண உடல் எடை கொண்டவருக்கு 28 மில்லிமீட்டர் அகல டயரில் 70 முதல் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை காற்று போதும். 35 மில்லிமீட்டர் டயருக்கு 50 முதல் 60 பிஎஸ்ஐ. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. கல்போல் காற்றடித்தால் வேகம் கூடும் என்ற எண்ணம் கிராமச் சாலைக்குப் பொருந்தாது. குண்டும் குழியும் உள்ள இடத்தில் அத்தகைய டயர் துள்ளும், கை மரத்துப்போகும்.

நான்காம் படி: பஞ்சரைத் தனியாகச் சரிசெய்யப் பழகுதல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்லவே கூடாது. ஆற்றோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் சீமைக்கருவேல முள் எங்கும் உண்டு. என் இரண்டாவது பயணத்தில் காவேரிப்பட்டணத்துக்கு முன்பே பின்சக்கரம் படுத்துவிட்டது. வழியில் இருந்த பஞ்சர் கடைக்காரர் முழு மனத்தோடு உதவ முன்வந்தார். ஆனால் என் ட்யூபில் இருந்தது பிரெஸ்டா வால்வு என்ற மெல்லிய வகை. அவருடைய பம்பின் வாய் அதில் பொருந்தவில்லை. நான்கு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன். சிறிய பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்திருந்தால் அந்த நடை தேவைப்பட்டிருக்காது. அதைத் திருகி மாட்டினால் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் எந்த பம்பும் பொருந்தும். அடாப்டரை மாட்டுவதற்கு முன் வால்வின் நுனியில் உள்ள சிறிய மரையைத் தளர்த்த மறக்காதீர்கள்.

மாற்று ட்யூப் ஒன்று, பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டு, கைப்பம்பு ஒன்று ஆகியவை எப்போதும் உடன் இருக்கட்டும். செயினைப் பின்பக்கத்தின் மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்த பிறகு சக்கரத்தைக் கழற்றுங்கள். நெம்புகோலால் டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் வெளியே எடுத்து, ட்யூபை உருவுங்கள். அடுத்து, டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி, குத்திய முள் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். பலர் இதைச் செய்யாமல் புது ட்யூபைப் போட்டு, அதே முள்ளால் ஐந்தே நிமிடத்தில் மறுபடியும் பஞ்சர் ஆகி நிற்பார்கள். புது ட்யூபில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் சிறிது காற்றடித்து உள்ளே வைத்து, டயர் விளிம்பை இரு கட்டைவிரல்களாலும் தள்ளி ஏற்றுங்கள். கடைசிப் பகுதி கடினமாக இருக்கும், அங்கே நெம்புகோலைப் பயன்படுத்தினால் ட்யூப் கிழியும். சுற்றிலும் எங்கும் ட்யூப் சிக்கியிருக்கவில்லை என்று பார்த்தபின் முழுக் காற்றையும் அடியுங்கள். வீட்டு முற்றத்தில் மூன்று முறை செய்து பார்த்தவருக்குச் சாலையில் பதற்றம் வராது.

ஐந்தாம் படி: பயண நாள்

காலையில் வெளிச்சம் வந்ததும், ஹெல்மெட் அணிந்து, பின்புறச் சிவப்பு விளக்கை எரியவிட்டுக் கிளம்புங்கள். மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படும். அதைத் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகக் குடியுங்கள். முந்தைய இரவு கேழ்வரகுக் களி சாப்பிட்டவருக்குக் காலையில் வாழைப்பழம் இரண்டு போதும்.

கியரைப் பற்றி ஒரு விதியை மட்டும் இப்போது பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு நிமிடத்துக்கு 70 முதல் 80 சுற்று என்ற அளவில் கால்கள் இலகுவாகச் சுற்ற வேண்டும். பெடலை அழுத்தித் தள்ளுவதாக உணர்ந்தால் கியரைக் குறையுங்கள். மேட்டில் ஏறத் தொடங்கிய பிறகு அல்ல, மேடு தெரிந்ததுமே குறைப்பது முக்கியம். பாரம் ஏறிய செயினில் கியர் மாற்றினால் அது திணறும். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே முதல் மாதத்துக்கான வேகம்.

அணையின் கால்வாய் பாயும் வயல்களையும் தோப்புகளையும் கடந்து காவேரிப்பட்டணத்தை அடைவீர்கள். 1767-ஆம் ஆண்டு முதலாம் ஆங்கிலேய மைசூர்ப் போரில் ஹைதர் அலி முற்றுகையிட்டுப் பிடித்த ஊர் இது. இன்று கடைத்தெருவில் நிப்பட் என்ற தட்டை வாங்குவதற்காக நிற்போம். வியர்வையில் இழந்த உப்புக்கும் அது உதவும். அங்கிருந்து பெண்ணேஸ்வரமடம் அருகில்தான். தென்பெண்ணைக் கரையில் நிற்கும் அந்தப் பழைய சிவன் கோயிலில் கல்வெட்டுகளும், போரில் உயிர் நீத்த வீரர்களுக்கு எடுத்த நடுகற்களும் இருக்கின்றன. சைக்கிளை வெளியே நிறுத்தி, காலணியைக் கழற்றிவிட்டு, அரை மணி நேரமாவது அங்கே இருங்கள். நெடுஞ்சாலையில் காரில் போகிறவர்கள் இந்தக் கற்களைப் பார்ப்பதேயில்லை என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் வரும்.

தெருநாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நில்லுங்கள்.

ஆறாம் படி: அடுத்த பாதை

இந்தப் பயணத்தை நான்கைந்து முறை களைப்பின்றி முடித்தவர் ராயக்கோட்டைச் சாலைக்குத் தயாராகிவிட்டார் என்று சொல்லலாம். பாராமகால் எனப்பட்ட இந்தப் பகுதியின் மலைக்கோட்டைகளுள் ஒன்றான ராயக்கோட்டையை 1791-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கியபோது அவர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. நீங்கள் ஏறப்போகும் மேட்டின் தன்மை இதிலிருந்தே விளங்கும். தருமபுரியில் இருப்பவர்கள், அதியமான்கோட்டைக்கு ஒரு சிறு பயணம் போய், சென்றாயப் பெருமாள் கோயிலின் பழைய ஓவியங்களைப் பார்த்து வரலாம்.

மேலகிரி மலையடிவாரத்தில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் போக ஆசை வரும். கேழ்வரகு முற்றும் காலத்தில் யானைக்கூட்டங்கள் அங்குள்ள வயல்களுக்கு வரும் என்பதால், அந்த மாதங்களில் விடியற்காலையிலும் மாலையிலும் அச்சாலைகளைத் தவிர்த்துவிடுங்கள்; மற்ற நேரத்திலும் ஊர்க்காரர்களிடம் விசாரித்த பிறகே போங்கள். ராயக்கோட்டையிலிருந்து திரும்பும் இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்பு இரு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள்.