88 பர்சன்டைல் என்றால் 88 மார்க் இல்லை: ஜே.இ.இ. ஸ்கோர் கார்டைப் படிப்பது எப்படி?

என்.ஐ.டி. போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு ஜே.இ.இ. மெயின். அதன் ஜனவரி ரிசல்ட் வந்த ராத்திரி, பையனைப் பற்றிப் பேச அக்கா போன் பண்ணினாள். "88 எடுத்திருக்கான்டா, நல்ல மார்க்தானே, எதுக்கு இப்படி அழறான்?" கார்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். 88.4 என்று தொடங்கி, புள்ளிக்குப் பின்னால் ஏழு இலக்கம். அது மார்க்கே இல்லை. இதை அந்த வீட்டில் யாருக்கும் யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் சதவீதத்தை மறந்துவிடுங்கள். மொத்தம் 300 மார்க், 75 கேள்வி, சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 குறையும். 150 எடுத்தால் 50 சதவீதம். பர்சன்டைல் கேட்பது வேறு கேள்வி: உங்கள் ஷிப்டில் (அதாவது உங்களோடு ஒரே வேளையில்) எழுதியவர்களில் உங்கள் அளவோ அதற்குக் கீழோ எடுத்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்?

அடுத்து, ஒரு பேப்பரை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். ஷிப்டில் பத்தே பேர் என்று வைத்துக்கொள்வோம். மார்க்: 12, 25, 31, 40, 40, 58, 63, 77, 110, 190. நீங்கள் 77. உங்களையும் சேர்த்து 77-ம் அதற்குக் கீழும் எட்டுப் பேர். எட்டைப் பத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் 80 பர்சன்டைல். ஆனால் 300-க்கு 77 என்பது 26 சதவீதம்கூட வராது! 40 எடுத்த இருவருக்கும் 50. 190 எடுத்தவருக்கு 100, அவர் முழு மார்க் வாங்கவில்லை, அந்த ஷிப்டில் முதல் ஆள், அவ்வளவுதான்.

ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறார்கள்? தேர்வு பல நாள், பல ஷிப்ட் நடக்கிறது, ஒரு வினாத்தாள் கடினம், இன்னொன்று எளிது, அப்படியே மார்க்கை ஒப்பிட்டால் கடினமான தாள் கிடைத்த பிள்ளைக்கு அநியாயம். அதனால் அவரவர் ஷிப்டுக்குள் எந்த இடம் என்று பார்த்து, அதை வைத்து எல்லோரையும் ஒரே வரிசையில் சேர்க்கிறார்கள்.

கார்டில் பாடவாரியாக மூன்று எண்ணும், மொத்தத்துக்கு ஒன்றும் இருக்கும். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள், அது சராசரி இல்லை. மொத்த மார்க்கை வைத்துத் தனியாகக் கணக்கிடுவது. உங்களுக்கு வேண்டியது அந்த மொத்த எண் மட்டும்.

இப்போது முக்கியமான கணக்கு. 100-லிருந்து உங்கள் பர்சன்டைலைக் கழித்து, எழுதியவர்கள் எண்ணிக்கையால் பெருக்கி, நூறால் வகுத்தால் தோராயமான ரேங்க். 2024-இல் ஜனவரி, ஏப்ரல் என இரண்டு செஷனும் சேர்த்து 14 லட்சத்துக்கு மேல் எழுதினார்கள். 14 லட்சம் என்றே வைத்தால் 99 பர்சன்டைலுக்கு முன்னால் 14,000 பேர், 99.9-க்கு 1,400 பேர். ஒரு புள்ளிக்குள் அத்தனை பிள்ளைகள், அதனால்தான் ஏழு இலக்கம். அந்த ஆண்டு ஐ.ஐ.டி.க்கான அடுத்த கட்டத் தேர்வான அட்வான்ஸ்டு எழுத பொதுப்பிரிவு கட்-ஆஃப் 93.2362181.

நீட்டில் குழப்பம் தலைகீழ். பொதுப்பிரிவுக்கு 50 பர்சன்டைல் என்றதும் 720-க்கு 360 வேண்டும் என்று பயப்படுகிறார்கள். 2023-இல் அந்த 50 பர்சன்டைல் வெறும் 137 மார்க். ஆனால் அது தகுதி மட்டும், சீட்டுக்கு அதைவிட நிறைய வேண்டும்.

சரி, அக்கா பையனுக்கு வருகிறேன். 100-லிருந்து 88.4 போனால் 11.6. அதை 14,000-ஆல் (14 லட்சத்தில் நூறில் ஒரு பங்கு) பெருக்கினால் ரேங்க் சுமார் 1,62,400. அவனே பேப்பரில் போட்டுப் பார்த்தான், அழுகை நின்றது. அப்புறம் ஏப்ரல் செஷனைப் பற்றிப் பேசினோம்: இரண்டில் எது நல்லதோ அதைத்தான் ரேங்குக்கு எடுப்பார்கள், அவன் நிற்கும் இடத்தில் கூட்டமும் அதிகம், நாலைந்து கேள்வி கூடுதலாகச் சரியானால் ஆயிரக்கணக்கானவர்களைத் தாண்டலாம். மறுநாள் காலை கெமிஸ்ட்ரி புத்தகத்தை எடுத்துவிட்டான் என்று அக்கா மெசேஜ் அனுப்பியிருந்தாள்.