படத்தோடு குறிப்பும் போகட்டும்: சூரியக் குடும்பப் படங்களைப் பகிர்வது எப்படி?

நெப்டியூன் என்றதும் நினைவுக்கு வருவது ஓர் அடர்நீலக் கோளம். 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய படங்களிலிருந்து வந்த நிறம் அது. மேகங்களும் பட்டைகளும் எடுப்பாகத் தெரிவதற்காக அந்தப் படங்களில் நிறத்தைக் கூட்டியிருந்தார்கள். அதை மறைக்கவும் இல்லை. படத்துடன் வந்த குறிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். படம் பரவியது, குறிப்பு வழியில் உதிர்ந்துவிட்டது. 2024 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் இர்வின் குழு, ஹபிள் தொலைநோக்கியின் தரவையும் சிலியில் உள்ள ஐரோப்பியப் பெருந்தொலைநோக்கியின் தரவையும் வைத்து நிறத்தைச் சரிசெய்து காட்டியது. யுரேனஸ், நெப்டியூன் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிர் பச்சைநீலம்தான். நெப்டியூனில் நீலம் ஒரு சாயல் கூடுதல், அவ்வளவே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பலர் தவறாக நினைத்திருந்ததற்குக் காரணம் படம் அல்ல, குறிப்பு தொலைந்ததுதான்.

வாட்ஸ்அப் குழுவோ, பள்ளி அறிவியல் மன்றமோ, எங்கே பகிர்ந்தாலும் குறிப்பைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

மூலத்தைக் கண்டுபிடியுங்கள்

யாரோ அனுப்பிய படத்தை அப்படியே முன்னனுப்ப வேண்டாம். படத்தை வைத்தே தேட உதவும் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ (TinEye) போட்டுத் தேடுங்கள். நாசாவின் கோள் படங்களில் பலவற்றுக்கு பி.ஐ.ஏ. (PIA) என்று தொடங்கும் ஐந்து இலக்க எண் உண்டு. வாயேஜர் 1 தொலைவிலிருந்து பூமியை எடுத்த 'வெளிர் நீலப் புள்ளி' படத்துக்கு 00452. அதே தரவை 2020இல் புதிதாகச் செயலாக்கிய பதிப்புக்கு 23645. எண் கிடைத்துவிட்டால் போதும், அதை மட்டும் தேடினாலே முழுக் குறிப்பும் பெரிய கோப்பும் கிடைத்துவிடும். இஸ்ரோவின் சந்திரயான், மங்கள்யான் தரவுகள் பிரதான் என்ற தளத்தில் உள்ளன; பதிவு செய்துகொண்டு இறக்கலாம்.

குறிப்பில் நான்கு விவரங்களைத் தேடி எழுதிவையுங்கள்: எந்தக் கலம், எந்த நாள், எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த ஒளியில். கடைசி விவரத்தைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சண்டை வருவதும் அதில்தான்.

நிறம் எங்கிருந்து வந்தது?

விண்கலங்களின் முக்கியமான கேமராக்களில் பல, கறுப்பு வெள்ளையில்தான் பதிவு செய்கின்றன. சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்களை மாற்றி மாற்றி வைத்து எடுத்த படங்களைப் பூமியில் ஒன்றுசேர்க்கிறார்கள். கண் பார்ப்பதற்கு நெருக்கமாகச் சேர்த்தால் அது இயல்நிறம். அதில் வேறுபாடுகளைக் கூட்டினால் மிகைநிறம். கண்ணுக்கே தெரியாத ஒளிக்கு நிறம் கொடுத்தால் அது குறிநிறம். மூன்றும் நேர்மையானவைதான், எது என்று சொல்லிவிட்டால்.

2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் கலம் புளூட்டோவைக் கடந்தபோது எடுத்த புகழ்பெற்ற படம் மிகைநிறம். நீலம், சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு மூன்றையும் சேர்த்தது; அகச்சிவப்பு கலந்திருந்தாலும் நாசா அதை மிகைநிறம் என்றே குறித்தது. மெசஞ்சர் கலம் தந்த நீலமும் பழுப்புமான புதன் வரைபடமும் அப்படித்தான். பாறைகளின் வேதியியல் வேறுபாட்டைக் காட்டுவதே அதன் நோக்கம். நேரில் பார்த்தால் புதன் சாம்பல் நிறமாகவே தெரியும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022இல் எடுத்த வியாழன் முழுக்க அகச்சிவப்பு. நீண்ட அலைகளுக்குச் சிவப்பும் குறுகிய அலைகளுக்கு நீலமும் கொடுத்திருக்கிறார்கள். அதில் பெருஞ்சிவப்புப் புள்ளி (வியாழனின் பெரும் புயல்) வெள்ளையாக இருப்பதைப் பார்த்து யாராவது கேட்பார்கள். உயரத்தில் இருக்கும் மேகமூட்டம் சூரிய ஒளியை நிறையப் பிரதிபலிப்பதால் அப்படி என்று சொல்லலாம்.

மெகல்லன் கலத்தின் ஆரஞ்சு நிற வெள்ளிக் கோள் இன்னொரு படி மேலே. அது ரேடார் படம். அதில் சூரிய ஒளியே இல்லை. பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் கரடுமுரடான நிலம், வெயில் பட்ட இடம் அல்ல. ஆரஞ்சு நிறம், வெள்ளியில் இறங்கிய வெனேரா 13, 14 கலங்களின் படங்களைப் பார்த்துப் பின்னால் பூசியது.

செவ்வாயில் தனிக் குழப்பம். ஒரே பாறை ஒரு படத்தில் செம்பழுப்பாகவும் இன்னொன்றில் சாம்பலாகவும் இருக்கும். இரண்டாவது, பூமியின் வெயிலில் அந்தப் பாறை எப்படித் தெரியுமோ அப்படித் தெரிய வெண்மைச் சமன் செய்தது. பூமியின் பாறைகளைப் பார்த்துப் பழகிய புவியியலாளர்களின் வசதிக்காகச் செய்வது அது. அதில் வானம் நீலமாகத் தெரிந்தால் 'நாசா மறைக்கிறது' என்று ஒரு செய்தி கிளம்பும். குறிப்பில் 'வெண்மைச் சமன் செய்தது' என்ற மூன்று சொற்கள் இருந்தால் அந்தப் பேச்சே எழாது.

குறிப்பு எழுதும் விதம்

நீளம் வேண்டாம். இதோ ஒரு மாதிரி:

'சனியின் பின்புறம், சூரியனை மறைத்தபடி. காசினி விண்கலம், 2013 ஜூலை 19. சனியிலிருந்து ஏறக்குறைய 12 லட்சம் கி.மீ. அகலக்கோணக் கேமராவின் 141 படங்களைக் கோத்தது, இயல்நிறம். வலப்பக்கம் வளையத்துக்குக் கீழே உள்ள நீலப் புள்ளி பூமி. பூமி, வெள்ளி, செவ்வாய் ஆகிய புள்ளிகள் சனியோடு ஒப்பிட எட்டரை மடங்கு பிரகாசமாக்கப்பட்டவை. பி.ஐ.ஏ. 17172.'

அந்த எட்டரை மடங்கு வரி முக்கியம். இயல்நிறம் என்று மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் போய்ச்சேரும்.

படம் யாருடையது என்று சொல்லும் உரிமை வரியை மொழிபெயர்க்காமல், மூலத்தில் இருக்கும் எழுத்துகளிலேயே ஒட்டுங்கள். அப்போதுதான் தேடினால் சிக்கும். நாசா படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமை இல்லை, ஆனால் பெயர் குறிப்பிட வேண்டும். ஜூனோ கலத்தின் வியாழன் படங்களில் மிக அழகானவை பல, கெவின் கில், ஜெரால்டு ஐக்ஸ்டெட் போன்றவர்கள் பொதுவில் கிடைக்கும் மூலத் தரவிலிருந்து செயலாக்கியவை. அவர்கள் பெயரை வெட்டிவிட்டு 'நாசா' என்று மட்டும் போடுவது அநியாயம்.

அனுப்பும்போது கெடுவது

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, மறுபடி ஜேபெக் ஆகிறது. ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து அழுத்தும்; தனித்து நிற்கும் சிறு புள்ளிதான் முதலில் கரையும். வெளிர் நீலப் புள்ளியில் பூமியின் அளவு ஒரு பிக்சலுக்கும் குறைவு. அதைச் சுருக்கி அனுப்பினால் வெறும் ஒளிக்கீற்றுதான் மிஞ்சும். (அந்தக் கீற்றும் கேமராவுக்குள் சிதறிய சூரிய ஒளிதான்.)

ஆகவே டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கூடவே, பார்க்க வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி இன்னொரு கோப்பாகக் கொடுங்கள். பெரிதாக்க வேண்டுமென்றால் கிம்ப் (GIMP) என்ற படத் தொகுப்பு மென்பொருளில் அளவு மாற்றும்போது இன்டர்போலேஷனை 'நன்' என்று வைத்து, இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று முழு எண்ணில் பெருக்கி, பி.என்.ஜி.யாகச் சேமியுங்கள். செயற்கை நுண்ணறிவு கொண்டு 'தெளிவாக்கும்' செயலிகளைத் தொடவே வேண்டாம். அவை இல்லாத பள்ளங்களையும் விரிசல்களையும் வரைந்துவிடும். அதன் பிறகு அது ஆதாரம் அல்ல, ஓவியம்.

நீங்களே ஒரு வண்ணப்படம் சேர்க்க

நிறம் பற்றி நூறு வரி எழுதுவதைவிட ஒரு முறை செய்துகாட்டினால் குழுவுக்குப் புரிந்துவிடும். காசினியின் மூலப் படங்களில், சில நிமிட இடைவெளிக்குள் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்களில் எடுத்த மூன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்றின் பிக்சல் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். கிம்ப்பில் மூன்றையும் லேயர்களாகத் திறந்து, கோளின் விளிம்பு பொருந்தும்படி நகர்த்துங்கள். பிறகு கலர்ஸ், காம்போனன்ட்ஸ், கம்போஸ் என்று போய், ஆர்.ஜி.பி.யில் உரிய லேயரை உரிய நிறத்துக்குக் கொடுங்கள்.

இரண்டு சிக்கல்கள் வரும். சனியைச் சரியாகப் பொருத்தினாலும் துணைக்கோள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளிகளாகப் பிரியும். மூன்று படங்களுக்கிடையே அது நகர்ந்துவிட்டது என்று பொருள். அடுத்தது, நிறம் விசித்திரமாக இருக்கும். உடனுக்குடன் வெளியான மூல ஜேபெக் ஒவ்வொன்றிலும் பிரகாசத்தைத் தனித்தனியாகத் தானியங்கி முறையில் நீட்டியிருந்தார்கள்; மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சரியான நிறம் வேண்டுமென்றால் அளவுத்திருத்தம் செய்த தரவைத்தான் எடுக்க வேண்டும்.

பேச்சை எங்கே தொடங்குவது?

'அருமை' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடாமல் இருக்க, ஒரு நேரத்தில் ஒரு படம், அதனுடன் ஒரு கேள்வி. வெயில் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது? இந்தப் படத்தில் அடங்கும் பரப்பின் அகலம் எத்தனை கி.மீ.? இரண்டுக்கும் விடை தேடினாலே பாதிப் படம் புரிந்துவிடும்.

நிலவின் பள்ளங்கள் மேடாகத் தெரிகின்றன என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஒளி மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்ளும். கீழிருந்து வந்தால் குழி குமிழாகிவிடும். படத்தை 180 பாகை திருப்பி அனுப்புங்கள், சரியாகிவிடும். திருப்பியதைக் குறிப்பில் எழுத மறக்காதீர்கள்.

கேமரா விட்டுச்செல்லும் தடங்களையும் தெரிந்துவைத்திருங்கள். பழைய வாயேஜர் படங்களில் வரிசையாக இருக்கும் கறுப்புப் புள்ளிகள், படத்தின் கோணலை அளக்கக் கேமராக் குழாயில் இட்ட குறிகள். கோத்த படங்களின் ஓரத்தில் இருக்கும் கறுப்பு ஆப்பு, தரவு கிடைக்காத இடம். திடீர் வெள்ளைப் பொட்டு என்றால், இணைக் கேமரா அதே நேரத்தில் எடுத்த படத்தைத் தேடுங்கள். 2014 ஏப்ரலில் செவ்வாயில் உள்ள கியூரியாசிட்டி ஊர்தியின் வலது கேமராப் படத்தில் 'வெளிச்சம்' தெரிந்ததாகப் பரபரப்பானது. இடது கேமராவின் படத்தில் அது இல்லவே இல்லை. 2023 செப்டம்பரில் இஸ்ரோ வெளியிட்ட விக்ரம் லேண்டரின் முப்பரிமாணப் படத்தில் உள்ள சிவப்பு, நீல விளிம்புகளும் நிலவின் நிறம் அல்ல. சிவப்பு-சயான் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டிய படம் அது.

அதே சந்திரயான் 3 சமயத்தில், பிரக்யான் ஊர்தியின் சக்கரம் நிலவில் பதித்ததாக அசோகச் சின்னமும் இஸ்ரோ சின்னமும் பளிச்சென்று தெரியும் படமொன்று சுற்றியது. அது கணினியில் உருவாக்கிய ஓவியம். ஆகஸ்ட் வந்தால் 'செவ்வாய் நிலவளவு தெரியும்' என்ற செய்தியும் தவறாமல் வரும். 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் ஏறக்குறைய 5.58 கோடி கி.மீ. வரை நெருங்கியதிலிருந்து முளைத்தது அது. அன்றும் வெறும் கண்ணுக்கு அது ஒரு பிரகாசமான புள்ளிதான். இப்படி ஒன்று குழுவில் விழுந்தால் அனுப்பியவரைக் கடியாமல், உண்மையான படத்தை எண்ணோடும் நாளோடும் அதற்கே பதிலாக இணைத்து அனுப்புங்கள். நீங்கள் அனுப்பியதில் தவறு இருந்தாலும் அதே முறைதான்: பழையதை நீக்கிவிட்டு, எது தவறு, எது சரி என்று ஒரு வரி எழுதி, திருத்திய குறிப்போடு படத்தை மறுபடி போடுங்கள்.