யூபோனியத்தில் உடுப்புக் கீறல் விழாமல் இருக்க

என் யூபோனியத்தின் (மடியில் வைத்து ஊதும் பெரிய பித்தளை வாத்தியம்) பின்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கிறது. பெல்ட் பக்கிள் போட்டது. மடியிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தபோது ‘சரக்’கென்று கேட்டது, அந்தச் சத்தம் இன்னும் காதில் நிற்கிறது.

பித்தளை மேல் இருக்கும் லாக்கர் மிக மெல்லிய பூச்சு. அது உரிந்த இடத்தில் வியர்வை பட்டுப் பட்டு உலோகம் கறுத்துவிடும். அதனால் வாத்தியத்தைத் தொடும் முன்பே பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். முடியாவிட்டால் பக்கிளை இடுப்போரம் தள்ளிக்கொள்ளுங்கள். ஜிப் ஜாக்கெட், ஜீன்ஸ் ரிவெட், கழுத்துச் சங்கிலி, மோதிரம் எல்லாமே கீறும்.

சீருடையில் உலோகப் பொத்தானா? நடுவே சுத்தமான பருத்தித் துண்டை விரியுங்கள். எடுக்கும்போது உடம்போடு இழுக்காமல், முதலில் முன்னால் நகர்த்தி, பிறகு தூக்குங்கள். உரசல் பெரும்பாலும் அந்த ஒரு நொடியில்தான்.

தோல் உறை மாட்டினால் அடிக்கடி கழற்றி உள்ளே துடையுங்கள். வியர்வை தேங்கினால் கீறலைவிட மோசம். லாக்கர் மேல் பித்தளை பாலிஷ் போடவே போடாதீர்கள். கீறல் போகாது, பூச்சுதான் தேயும்.